இங்கிலாந்தின் ஆட்டிசம் சிறப்பு வார்டுகள்: சேர்க்கும் முன் ஒரு மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குறிப்பிட்ட ஒரு கேள்விக்கு விடை தேடிச் சில வாரங்களுக்குப் போனால் உதவக்கூடிய சேவை இது. "வீட்டில் சமாளிக்க முடியவில்லை, கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும்" என்று போனால், திரும்பி வருவது பெரும்பாடு.

இங்கே எடைபோடுவது தனியொரு மருத்துவமனையை அல்ல. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும் பெரியவர்களுக்காக இங்கிலாந்தில் இயங்கும் உள்நோயாளி வார்டுகளை, ஒட்டுமொத்தமாக. சிலவற்றை அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். நேரடியாக நடத்துகிறது. மற்றவற்றைத் தனியார் நிறுவனங்கள் நடத்த, என்.எச்.எஸ். பணம் கட்டுகிறது. குடும்பத்தின் கையிலிருந்து எதுவும் போகாது.

ஒரு சொல் எச்சரிக்கை. அங்கே 'லேர்னிங் டிஸெபிலிட்டி' என்பது, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'கற்றல் குறைபாடு' என்று சொல்கிறோமே, எழுத்து மாறிப் படிக்கும் அந்தச் சிக்கல் அல்ல. அறிவுசார் குறைபாடு. மொழிபெயர்ப்பாளர் இதை மாற்றிச் சொல்லிவிட்டால் மருத்துவக் குறிப்பே தடம் மாறிவிடும். முதல் சந்திப்பிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இப்படியொரு வார்டுக்கு மூன்று வேலைகள். நடத்தை ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பது, மனநோய் இருந்தால் அதற்குச் சிகிச்சை தருவது, ஆளை வெளியே அனுப்புவது. முதலிரண்டும் நல்ல வார்டுகளில் ஓரளவு நடக்கின்றன. மூன்றாவதில்தான் சேவை மொத்தமாகத் தோற்கிறது. 2015இல் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர்கள் ஏறத்தாழ 2,900 பேர் மனநல மருத்துவமனைகளில் இருந்தார்கள். 2024 மார்ச்சுக்குள் அதைப் பாதியாக்குவதாக உறுதி கொடுத்தார்கள். அந்த நாள் கடந்தபோதும் 2,000 பேர் அளவில் உள்ளேயே இருந்தார்கள். ஒருவர் மருத்துவமனையில் தொடர்ந்து கழிக்கும் காலம் சராசரியாக ஐந்து ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. சில வாரம் என்று சொல்லி விற்கப்படும் பண்டம் இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வாசலுக்கு வெளியே

சேர்ப்பதற்கு முன் நடக்க வேண்டியது 'சி.டி.ஆர்.' எனப்படும் பராமரிப்பு, சிகிச்சை மறுஆய்வு. பணம் கட்டும் என்.எச்.எஸ். அமைப்பின் பிரதிநிதி தலைமை வகிப்பார். வெளியிலிருந்து ஒரு மருத்துவத் துறையாளரும், ஆட்டிசத்தோடோ அறிவுசார் குறைபாட்டோடோ வாழ்ந்த அனுபவமுள்ள ஒருவரும் (அல்லது அப்படியொரு குடும்பத்தைச் சேர்ந்தவரும்) உடன் உட்காருவார்கள். அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை வீட்டிலோ வேறிடத்திலோ வைத்துச் செய்ய முடியாதா? அவசரத்தில் இது நடக்காமல் போனால், சேர்த்த 28 நாளுக்குள் நடத்த வேண்டும். பிறகு சாதாரண வார்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பாதுகாப்பு மிகுந்த வார்டில் ஆண்டுக்கு ஒருமுறை. இடையிலும் குடும்பம் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் தானாக வராது.

போகும்போது கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். "நடத்தை சரியில்லை" என்பது கேள்வியல்ல. "ஆறு வாரமாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து தலையைச் சுவரில் மோதுகிறார், அதற்கு முன் இல்லை, ஏன்?" என்பது கேள்வி. இப்படி எழுதிக் கொடுத்த கேள்விக்கு விடை கிடைத்ததா இல்லையா என்று பின்னால் கேட்க முடியும். மற்றதை எதை வைத்துக் கேட்பது?

சட்டத்தில் நான்கைந்து விஷயம் போதும். 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் பிரிவு 2, மதிப்பீட்டுக்காக 28 நாள்வரை வைத்திருக்க இடம் தருகிறது, புதுப்பிக்க முடியாது. பிரிவு 3 சிகிச்சைக்கானது: ஆறு மாதம், மறுபடி ஆறு மாதம், பிறகு ஆண்டாண்டாக. பிரிவு 2இல் வைக்கப்பட்டவர் விடுவிக்கக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் முதல் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடு வழுக்கிப்போவது சர்வசாதாரணம். 'மிக நெருங்கிய உறவினர்' என்று சட்டம் வரையறுக்கும் நபர், பிரிவு 3 போடுவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். 72 மணி நேர அறிவிப்பு கொடுத்து விடுவிக்கவும் சொல்லலாம். ஆபத்தாக நடந்துகொள்ளக்கூடும் என்று பொறுப்பு மருத்துவர் சான்று எழுதினால் மட்டுமே அது தடைபடும். அம்மாவா அப்பாவா என்று வந்தால், பொதுவாக வயதில் மூத்தவரே அந்த உறவினர். எல்லா ஓட்டமும் ஓடுவது அம்மா, கையெழுத்து உரிமை அப்பாவுக்கு என்று ஆகலாம். உரிமையை எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்க வழி உண்டு.

பிரிவு 3இல் இருந்தவருக்கு, வெளியே வந்தபின் பிரிவு 117இன் கீழ்ப் பராமரிப்பு இலவசம். பிரிவு 2க்கு அது கிடையாது. 2025இல் நிறைவேறிய புதிய மனநலச் சட்டம், மனநோய் ஏதுமில்லாமல் ஆட்டிசத்தையோ அறிவுசார் குறைபாட்டையோ மட்டும் காரணம் காட்டிப் பிரிவு 3 போடுவதை நீக்குகிறது. ஆனால் அந்த மாற்றம் சட்டம் கையெழுத்தான அன்றே அமலுக்கு வரும்படி எழுதப்படவில்லை. வெளியே போதிய ஆதரவு அமைந்த பிறகு என்று வைத்திருக்கிறார்கள்.

கட்டடம்

பார்வையாளருக்குக் காட்டப்படுவது 'சென்ஸரி ரூம்': குமிழி விளக்கு, மெத்தை, மங்கிய வெளிச்சம். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த அறையில் ஒருவர் இருக்கப்போவது நாளில் அரை மணி. மீதி நேரம் தாழ்வாரத்தில்தான் ஓடும். அங்கே பேசாமல் பத்து நிமிடம் நின்று, கனமான கதவு எத்தனை முறை அறைந்து மூடுகிறது என்று எண்ணுங்கள். ஊழியர் இடுப்பிலுள்ள அபாய மணியை அழுத்தினால் வார்டு முழுக்க அலறுகிறதா, ஊழியரின் கருவியில் மட்டும் காட்டுகிறதா என்று கேளுங்கள். ஒலியை ஊசிபோல் உணரும் ஒருவருக்கு, பக்கத்து அறைக்காரரின் நெருக்கடி மணியே தன் நெருக்கடியாகிவிடும். அதற்கும் ஒரு மணி அடிக்கும். ஒரே மாலையில் நான்கு 'சம்பவங்கள்' பதிவாகும் வார்டுகளில் பல நேரம் நடப்பது இந்தச் சங்கிலிதான்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஊழியர் எல்லோரும் அலுவலக அறைக்குள் இருக்க, வெளியே யார் நிற்கிறார்கள்? தோட்டத்துக்கான சாவி யாரிடம்? கேட்டவுடன் வெளியே போக முடிகிறதா, இரண்டு ஊழியர் சேரும்வரை காத்திருக்க வேண்டுமா? தண்ணீர் குடிக்க அனுமதி கேட்க வேண்டிய வார்டாக இருந்தால் அங்கேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடுங்கள்.

ஆட்கள்

இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாட்டுச் செவிலியம் தனிப் படிப்பு. மனநலச் செவிலியரும் இவரும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அப்படிப் படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, கடந்த வாரத்து இரவு ஷிஃப்டுகளில் எத்தனை ஏஜென்சி ஆட்கள்? பகலில் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் எழுதிய அருமையான திட்டம், இரவு பத்து மணிக்கு அதைப் படித்தே பார்க்காதவர் கையில் இருக்கும். 2022 முதல் எல்லா ஊழியருக்கும் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு பற்றிய பயிற்சி சட்டப்படி கட்டாயம். நோயாளியோடு நேரடியாகப் பழகுபவர்களுக்குக் கணினியில் பார்க்கும் பாடம் மட்டும் போதாது, இரண்டாம் நிலைப் பயிற்சியும் வேண்டும். சதவீதக் கணக்கு வார்டு மேலாளரிடம் இருக்கும், தயங்காமல் கேட்கலாம்.

'ஒருவருக்கு ஒருவர்', 'ஒருவருக்கு இருவர்' என்று கண்காணிப்பு போடுவார்கள். பெருமையாகவே சொல்வார்கள். ஆனால் கையெட்டும் தூரத்தில் நாள் முழுக்க அந்நியர் இருவர் நிற்பது ஆட்டிசம் உள்ளவருக்குப் பாதுகாப்பா, தூண்டலா? கண்காணிப்பைக் குறைக்கும் திட்டம் கூட்டும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், பதிவேட்டில் மட்டும் நடக்கும் கண்காணிப்பும் உண்டு. நார்ஃபோக்கில் இருந்த காஸ்டன் பார்க் மருத்துவமனையில் 2018க்கும் 2020க்கும் இடையில் இளம் வயதினர் மூவர் இறந்தார்கள். அரை மணிக்கு ஒருமுறை பார்த்திருக்க வேண்டிய ஒருவரை இரண்டு மணி நேரம் யாரும் பார்க்கவில்லை. 2021இல் அந்த மருத்துவமனை மூடப்பட்டது.

நடத்தை என்ற பெயரில்

இந்தச் சேவையின் மூளை, 'ஏ.பி.சி.' அட்டவணை. முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், பின்னால் என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி. நல்ல வார்டையும் மோசமான வார்டையும் பிரித்துக் காட்டுவது முதல் பத்தி. "தூண்டல் ஏதுமில்லை" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். "4.10க்கு டி.வி. அலைவரிசை மாற்றப்பட்டது, 4.15க்கு இரவு உணவு தாமதம் என்று அறிவித்தார்கள், 4.20க்குத் தன் கையைக் கடித்தார்" என்று எழுதியிருந்தால் அந்த வார்டை நம்பலாம். இரண்டு, மூன்று வாரம் இப்படிச் சேர்ந்தால்தான் அந்தச் செயல் எதற்காக என்று தெரியும்: ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கவா, ஒரு பொருள் வேண்டியா, ஆள் கவனிக்க வேண்டியா, உடம்புக்குள் எழும் உணர்வுக்காகவா.

அதற்கும் முன்னால் வலி. பேச்சு குறைவாக உள்ளவர் திடீரென்று தலையை மோதினால் பல், காது, வயிறு ஆகிய மூன்றையும் பார்க்காமல் மனநல மருந்தைத் தொடக்கூடாது. பட்டியலை இன்னும் நீட்டலாம்: நெஞ்செரிச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், கவனிக்கப்படாத வலிப்பு. எல்லாவற்றையும் "ஆட்டிசம்தானே" என்று ஒதுக்கிவிடுவதுதான் இந்தத் துறையின் பழைய நோய். மலச்சிக்கல் இங்கே உயிர்க்கொல்லி, மிகைப்படுத்தல் இல்லை. மனநோய் மருந்துகளில் பல குடலை மந்தமாக்குகின்றன, க்ளோஸபின் குறிப்பாக. இறுகிய மலத்தைச் சுற்றி நீராக ஒழுகுவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தால் ஆபத்து இரட்டிக்கும். தினசரி மலப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் 1 முதல் 7 வரை வகை எண் இருக்கும், 1ம் 2ம் மலச்சிக்கல். மூன்று நாள் வெற்றுக் கட்டம் இருந்தால் அங்கேயே நின்று விளக்கம் கேட்கலாம்.

மருந்து விஷயத்தில் கசப்பான வரலாறு உண்டு. தக்க மருத்துவக் காரணமில்லாமல் மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ தினமும் எடுத்துக்கொள்ளும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இங்கிலாந்தில் 30,000 முதல் 35,000 பேர் என்று 2015இல் பொதுச் சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அதன் விளைவாக 2016இல் தொடங்கியதுதான் 'ஸ்டாம்ப்' என்ற மருந்துக் குறைப்பு இயக்கம். வார்டில் கேட்க வேண்டியது: இந்த மருந்து எந்த நோய்க்கு, எந்த மாற்றம் தெரிந்தால் பலித்தது என்று கொள்வீர்கள், எந்தத் தேதியில் குறைத்துப் பார்ப்பீர்கள்? 'தேவைப்பட்டால்' என்று எழுதிவைத்த லோராஸெபம், புரோமெதஸின் போன்ற அமைதிப்படுத்தும் மருந்துகள் வாரத்துக்கு எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை மாதா மாதம் வாங்கி ஒப்பிடுங்கள். ஆள் குறைவான வார இறுதிகளில் அந்த எண் எகிறினால் மருந்து யாருக்காக என்று புரிந்துவிடும். ரிஸ்பெரிடோன், ஒலான்ஸபின் போன்ற மனநோய் மருந்து எடுப்பவருக்கு எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். எடையை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஊசிக்குப் பயந்தால் மரத்துப்போகச் செய்யும் களிம்பு, பழகிய ஊழியர், படம் போட்ட அட்டை என்று படிப்படியாகப் பழக்க வேண்டியது அவர்கள் கடமை. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

கட்டாயத் தடுப்பில் வைக்கப்பட்டவருக்கு மூன்று மாதம் கழிந்தபின், மருந்து தொடர அவர் சம்மதம் வேண்டும், அல்லது வெளியிலிருந்து நியமிக்கப்படும் இரண்டாம் மருத்துவரின் சான்று வேண்டும். அந்த மருத்துவர் வரும் நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு, வீட்டில் கண்ட பக்கவிளைவுகளை ஒரு பக்கத்தில் எழுதி வார்டு வழியாகக் கொடுத்தால் உதவும்.

பூட்டிய அறை

தனியறையில் அடைத்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறை இரு செவிலியர், நான்கு மணிக்கு ஒருமுறை மருத்துவர், கால் மணிக்கு ஒருமுறை பதிவு. இவை சட்ட நடைமுறைத் தொகுப்பில் உள்ளவை. ஆகவே பல இடங்களில் அடைப்பதில்லை, 'நீண்டகாலத் தனிமைப்படுத்தல்' என்று பெயர் மாற்றுகிறார்கள். அதற்கு 24 மணிக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற மருத்துவத் துறையாளர் ஒருவர் (அவர் மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை) பார்த்தால் போதும், குழு ஆய்வு வாரத்துக்கு ஒன்று. தனி ஃப்ளாட், சொந்தத் தோட்டம், சிறப்பு ஏற்பாடு என்றெல்லாம் அழகாகச் சொல்வார்கள். அந்தக் கதவை உள்ளிருப்பவர் திறக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முடியாதென்றால் அது தனிமைப்படுத்தல், அதற்கான மறுஆய்வுகள் எல்லாம் உரிமை. இப்படி அடைபட்டவர்களின் நிலையைச் சுயேச்சையாக ஆராய்ந்த பரோனஸ் ஷீலா ஹாலின்ஸ், 2023இல் வெளியிட்ட அறிக்கையில் இதைத் தனிமைச் சிறை என்றே அழைத்தார்.

கண்காணிப்பு ஆணையமான சி.க்யூ.சி.யின் 'குட்' முத்திரையைப் பார்த்து நிம்மதியடைய முடியுமா? பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூவில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்ததை 2011 மே மாதம் பி.பி.சி. பனோரமா ரகசியக் கேமராவில் காட்டியது. செவிலியர் ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த புகாரை ஆணையம் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஒருவருக்கு வாரக் கட்டணம் சராசரி 3,500 பவுண்டு, ஆகவே பணம் போதாததால் வந்த வினை என்றும் சொல்ல முடியாது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். எட்டாண்டு கழித்து, 2019 மே மாதம், டர்ஹம் வட்டாரத்தில் வோர்ல்டன் ஹாலில் அதே நிகழ்ச்சி அதே காட்சிகளைக் காட்டியது. அந்த இடத்துக்கு அப்போது இருந்த தரம் 'குட்'. ஆகவே முத்திரையை விட்டு அறிக்கையின் தேதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு மேலாளர் மாறினாரா, உரிமையாளர் மாறினாரா? குடும்பத்தினர் அறிவிக்காமல் வர முடிகிறதா, படுக்கையறைவரை போக முடிகிறதா? எல்லாச் சந்திப்பும் வரவேற்பறைப் பக்கத்து அறையில்தான் என்றால், அது எச்சரிக்கை மணி.

தமிழ் வீட்டிலிருந்து போகிறவர்

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வளர்ந்தாலும், பேச்சு குறைவாக உள்ளவரின் கைவசமுள்ள இருபது முப்பது சொற்கள் தமிழாகவே இருக்கலாம். "வேணாம்", "தண்ணி", "வலிக்குது" என்று அவர் சொல்வது, பதிவேட்டில் 'அர்த்தமற்ற ஒலி' என்று ஏறும். சேர்க்கும் நாளிலேயே ஒரு தாளில் சொல், அதை எப்படி உச்சரிக்கிறார், என்ன பொருள், நாம் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு பத்தியாக எழுதி, 'ஹாஸ்பிட்டல் பாஸ்போர்ட்' என்ற குறிப்பேட்டோடு சேர்த்துவிடுங்கள். குடும்பத்தினர் குரலில் பதிவுசெய்து கொடுத்தால் இன்னும் நல்லது. கையால் சாப்பிடுவதை 'திறன் குறைவு' என்று எழுதாமலிருக்க அதையும் சொல்லிவிட வேண்டும். சோறு, பருப்பு, தயிர் என்று சாப்பிட்டவர் சான்ட்விச்சைத் தொடாமல் இருந்தால் 'உணவு மறுப்பு' ஆகிவிடும். விழுங்குவதில் சிக்கல் இருந்தால் உணவின் பதத்துக்கு 0 முதல் 7 வரை சர்வதேச எண் உண்டு. குழைந்த சோறு எந்த எண்ணில் சேரும் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துச் சொல்லட்டும், நீங்களாக ஊட்ட வேண்டாம். கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளரை வார்டுதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அண்ணனையோ தங்கையையோ மொழிபெயர்க்க வைத்தால் அவர்கள் உறவினராகப் பேச வாய்ப்பே இருக்காது.

வெளியே வரும் வழி

திட்டமிட்ட வெளியேற்றத் தேதி ஒன்று முதல் மறுஆய்விலேயே எழுதப்பட வேண்டும். தள்ளிப்போனால் ஏன் என்று பக்கத்தில் எழுத வேண்டும். பெரும்பாலும் 'நோயாளி தயாரில்லை' என்றிருக்கும். கிளறினால் வீடு தயாரில்லை, ஆள் தயாரில்லை, நகராட்சியும் என்.எச்.எஸ்.ஸும் யார் எத்தனை பங்கு கட்டுவது என்று முடிவாகவில்லை என்று தெரியும். வார்டில் வன்முறை குறைந்தால்தான் வெளியேற்றம் என்பதும் வழக்கமான வாதம். வார்டின் சத்தமே வன்முறைக்குக் காரணம் என்றால் அந்த நிபந்தனை என்றைக்கும் நிறைவேறாது. இதைச் சி.டி.ஆர். குழுவிடம் ஏ.பி.சி. அட்டவணையைக் காட்டியே வாதிடலாம். அந்த அட்டவணையின் முதல் பத்தி அங்கேதான் கைகொடுக்கும்.

வீட்டைத் தேடச் சொல்லும்போது 'சப்போர்ட்டட் லிவிங்' (ஊழியர் துணையோடு வாழும் வீடு) என்று பொதுவாகச் சொன்னால், நால்வர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒரு காலி அறையைக் காட்டுவார்கள். தேவையை எழுதிக் கொடுக்க வேண்டும்: தனி வீடா, ஒட்டுச் சுவர் கூடாதா, எந்தத் தெருச் சத்தம் ஆகாது, இரவில் விழித்திருக்கும் ஊழியர் வேண்டுமா, குளியலறையில் எது உடையக்கூடாது. புதிய ஊழியர்கள் வீடு மாறுவதற்குச் சில வாரம் முன்பே வார்டுக்கு வந்து, குளிப்பாட்டுவது முதல் வெளியே அழைத்துப் போவதுவரை கூட இருந்து கற்க வேண்டும். ஒருநாள் கைமாற்றம் செய்த ஏற்பாடுகள் முதல் மாதத்திலேயே உடைந்து, ஆள் அதே வார்டுக்குத் திரும்புவது உண்டு. தடுப்பில் இருப்பவர் தற்காலிகமாக வெளியே போய்வர இடம் தரும் பிரிவு 17 விடுப்பில், புதிய வீட்டுக்கு முதலில் ஒரு மணி நேரம், பிறகு ஒரு சாப்பாட்டு நேரம், பிறகு ஓர் இரவு என்று போய்வரலாம். முதல் வாரம் வார்டில் பழகிய ஊழியர் ஒருவர் புதிய வீட்டுக்கு வருவார் என்பதையும், மருந்து குறைப்பு அட்டவணை யார் பொறுப்பு என்பதையும், நெருக்கடி வந்தால் இரவு எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் வெளியேற்றக் கூட்டத்தின் குறிப்பில் எழுத வைத்து, பிரதியை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.